அண்ணன் சொன்ன டேஞ்சர்

என் அண்ணன் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பிட்டர்; மெஷின் பழுதானால் சரிசெய்கிறவர். இருபத்தாறு வருஷமாக அதே கம்பெனி, அதே ஷெட். அங்கே அவருக்கு 'டேஞ்சர் அண்ணன்' என்றுதான் பேர். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதருக்கு இப்படியொரு பேரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு நாள் பழகினால் காரணம் தெரிந்துவிடும். அவர் முன்னால் யாரும் அந்த வார்த்தையை லேசாகச் சொல்லிவிட முடியாது.

"அந்த மேனேஜர் டேஞ்சரான ஆளுப்பா" என்று ஒருவர் சொன்னால் போதும்.

"ஏன், கிட்டப் போனவன் எவனாச்சும் செத்தானா?"

"அதெல்லாம் இல்லண்ணே, சும்மா கத்துவாரு."

"அப்போ கத்துவாருன்னு சொல்லு. டேஞ்சர்னு சொல்லாதே."

வீட்டிலும் இதே கதைதான். எதிர்வீட்டு அம்மாவின் வாய் ரொம்ப டேஞ்சர் என்று ஒருநாள் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் மூன்று அண்ணன் சொல்லித் தெரிந்தவை. கம்பெனியில் மூன்று நிறத்தில் போர்டு இருக்குமாம். மஞ்சள் என்றால் காஷன்: அடிபடலாம், கட்டுப் போட்டால் ஆறிவிடும். ஆரஞ்சு என்றால் வார்னிங்: உயிர் போனாலும் போகலாம். சிவப்புதான் டேஞ்சர்.

"போகலாம்னா ஆரஞ்சு, போயிடும்னா சிவப்பு. கண்ட இடத்துல சிவப்பை மாட்டினா, நிஜமாவே வேணும்கிற அன்னிக்கு ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்" என்பார்.

அண்ணி காலமானபோது அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. தனியாக இருந்த நான் அப்போதுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. காலையில் பல் தேய்க்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் பரண்மேல் ஏறினால் அண்ணன் கீழே நின்று "காஷன், காஷன்" என்பார். பரீட்சையில் மார்க் குறைந்தால் அவளே வந்து "அப்பா, வார்னிங்" என்று தாளை நீட்டுவாள். ஆனால் சிவப்பு வார்த்தையை மட்டும் அவர் இந்த வீட்டுக்குள் எதற்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவளுக்கு வானத்தின்மேல் அப்படியொரு பைத்தியம். "மழை வருமா கண்ணு?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அரைமணி நேரம் மேகத்தின் வகை தொகையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விடுவாள். அதையே படித்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு கடிதம் வந்தது. மலை உச்சியில் வானிலை நிலையம் ஒன்று; பனியையும் காற்றையும் அளந்து எழுதும் வேலை; இரண்டு வருஷம். பனி விழத் தொடங்கினால் ஐந்து மாதம் பாதை மூடியிருக்கும்.

அண்ணன் சமையலறை வாசலில் நின்றபடியே கடிதத்தைப் படித்தார். படித்து முடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"டேஞ்சர்."

அவள் சிரிக்கப் போனவள் அப்படியே நின்றாள். "நிஜமாவாப்பா?"

"சொல்லிட்டேன்ல."

வேறு எந்த அப்பா வேண்டாம் என்றிருந்தாலும் பெண் அழுதிருக்கும், சண்டை போட்டிருக்கும், சாப்பிடாமல் படுத்திருக்கும். இவள் எதுவும் செய்யவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். வர இயலாது என்று அன்றைக்கே பதில் எழுதிவிட்டாள். அடுத்த மாதம் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களுக்கு முகத்துக்கேற்ற ஃபிரேம் எடுத்துக் காட்டுவது வேலை.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. கோபம் என்றும் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் வரும். வேலைவிட்டு வருவாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள், மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அண்ணன் அவள் பேச்சுக்கு ஏங்கிப்போனார். வேண்டுமென்றே குறுக்கே நெடுக்கே நடப்பார்.

"கடையில கூட்டமா?"

"ஆமாம்பா."

"மழை வருமா கண்ணு?"

"தெரியலப்பா."

அந்த 'தெரியலப்பா'வைக் கேட்டுவிட்டு அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கடவுளே, இந்த இரண்டு பேரில் யாருக்காக நான் வேண்டிக்கொள்வது என்று தவித்தேன். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்து குளிக்கப் போயிருந்தார். வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது. போர்மேன் ஓடிவந்தார்.

"அக்கா, அண்ணன் பூட்டை எடுக்காம வந்துட்டாரு. மெஷின் நிக்குது."

அங்கே ஒரு முறை உண்டு. மெஷினுக்குள் கைவிட்டு வேலை செய்கிறவர் கரண்டை நிறுத்தி, மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, டேஞ்சர் என்று எழுதிய சிவப்பு அட்டையையும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே குனிவார். ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. நான் அவசரமாக ஆணியில் தொங்கிய சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன். போர்மேன் நெருப்பைக் கண்டவர்போலப் பின்னால் போனார்.

"ஐயோ அக்கா, அதை என்கிட்ட குடுக்காதீங்க. போட்டவர்தான் வந்து எடுக்கணும். முதலாளியே வந்தாலும் அதைத் தொட முடியாது."

அண்ணன் ஈரத்தலையோடு வேனில் ஏறினார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு மறதி வந்ததில்லை. ஒருமணி நேரத்தில் திரும்பி வந்தவர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. வேலையை நான் மத்தியானமே முடிச்சுட்டேன். என் அட்டை தொங்குதுன்னு ஆறு பேரு கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டிருந்தாங்க. ஒருத்தன்கூட, இவரு மறந்திருப்பாருன்னு நினைக்கல. அவரு மாட்டினா காரணம் இருக்கும்னு நிக்கிறாங்க."

தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அந்த மலையைப் பத்தி அப்புறமா விசாரிச்சேன். எட்டுப் பேரு தங்குறாங்க. அங்கேயே டாக்டர் இருக்காரு. முப்பது வருஷத்துல ஒருத்தருக்குக் கால் உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ மஞ்சள்தானே அண்ணா?"

"மஞ்சள்தான்."

"பின்ன ஏன்...?"

"அஞ்சு மாசம் பாதை மூடியிருக்கும்னு ஒரு வரி இருந்துச்சு பாரு, அதைப் படிச்சதும் வாயில வந்துடுச்சு."

எனக்கு அதற்குமேல் ஒளிக்க முடியவில்லை. அவளுடைய அலமாரியைத் துடைக்கும்போது நான் பார்த்த, மலை நிலையத்திலிருந்து வந்த இன்னொரு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் பதிலாக அந்த வேலைக்குப் போனவர் நிலைக்கவில்லையாம். இப்போதும் விருப்பமிருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி எழுதியிருந்தார்கள். அவள் அதை எங்களிடம் காட்டவேயில்லை.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நீயே போய்ச் சொல்லிடேன். அப்பாவுக்குச் சம்மதமாம்னு" என்றார்.

"பூட்டைப் போட்டது நானா அண்ணா?"

என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் எழுந்து மாடிப்படி ஏறினார். காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் நானும் கூடையோடு பின்னாலேயே போய்ப் பாதிப் படியில் நின்றுகொண்டேன்.

"கண்ணு, அந்த மலை விஷயம். அது டேஞ்சர் இல்லம்மா."

அவள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நகர்ந்து போவது கேட்டது.

"காஷன்தான். நல்ல ஷூவா வாங்கணும். அவ்வளவுதான்."

"எட்டு மாசம்பா" என்றாள். "நான் ஏன் உங்களோட சண்டை போடல, தெரியுமா? நீங்க அந்த வார்த்தையைச் சும்மா சொல்ல மாட்டீங்கன்னு நம்பினேன்."

"சும்மா சொல்லலம்மா. அஞ்சு மாசம் உன்னைப் பார்க்காம, உன் பேச்சைக் கேட்காம எப்படி இருப்பேன்னு பயந்துட்டேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தெரிஞ்ச பெரிய வார்த்தையைத் தூக்கிப் போட்டுட்டேன்."

நான் கூடையைக் கட்டிக்கொண்டு கடவுளை நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்போ இந்தப் பயத்துக்கு எந்தக் கலர் போர்டுப்பா?"

"இதுக்கு இன்னும் போர்டு அடிக்கலம்மா."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அத்தை, ஒட்டுக்கேட்டது போதும், மேல வாங்க" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது மூன்று பேர் தட்டும் காய்ந்துபோகும்வரை பேசினாள்.

திங்கட்கிழமை பதில் போனது. அடுத்த மாதம் அவளும் போனாள். ஷூ வாங்க அண்ணன் ஏறாத கடையில்லை; இவர் வளைத்துப் பார்த்த வளைப்பில் கடைக்காரர், "பெரியவரே, கால் நுழைக்கத்தான் செஞ்சது, இரும்பு இல்ல" என்றாராம். பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார்.

இப்போது பாதை மூடி ஏழு வாரம் ஆகிறது. நான் தினமும் வேண்டிக்கொள்ள உட்காருவேன். பனி சீக்கிரம் உருகட்டும் என்று கேட்க வாயெடுப்பேன். அந்தப் பனிக்காகத்தானே அவள் போயிருக்கிறாள் என்ற நினைப்பு வந்து குறுக்கே நிற்கும். உனக்கே தெரியும் என்று கடவுளிடமே விட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

சிக்னல் கிடைக்கிற காலை நேரத்தில், அங்கே குளிர் எவ்வளவு, காற்று எப்படி என்று அவளிடமிருந்து ஒரு வரி வரும். அதைப் படிக்காமல் அண்ணன் வேலைக்குக் கிளம்புவதில்லை. ஷெட்டில் அடுப்புக்குள் நிற்பதுபோல அனல். போர்மேன்தான் போன வாரம் வந்தபோது சொல்லிச் சிரித்தார். நெற்றி வேர்வை சொட்டச் சொட்ட அண்ணன் மெஷின் அடியிலிருந்து வெளியே வருவாராம். யாராவது, "என்னண்ணே, இன்னிக்கு வெயில் ஆளையே கொல்லுதே?" என்பார்களாம்.

"வெயிலா?" என்று இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வாராம். "இன்னிக்கு மைனஸ் பதினொண்ணுப்பா. காத்து வேற."