அப்பா முகத்தில் ஒரு கடலோடி

புதுப்பட்டினம் முக்கில் கல் படகில் நிற்கும் மூன்று கடலோடிகளில் நடு ஆளுக்கு என் அப்பாவின் முகம். கப்பலேறிக் கீழைத் தேசங்களைத் தேடிப் போன அந்தக் காலத்து ஆட்களுக்காக ஊர் கூடி வைத்த நினைவுச் சின்னம் அது. அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மாமல்லபுரத்திலிருந்து வந்த சிற்பி முக்கு டீக்கடையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை நோட்டம் விட்டார். ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க வந்த அப்பாவின் மூக்கும் மீசையும் அவருக்குப் பிடித்துப்போயின.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அப்பா திருப்போரூர்ப் பக்கத்து வயக்காட்டு ஆள். ஒரே ஒரு தடவை சிநேகிதர் படகில் ஏறி, கரை மறைவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தவர். அவர்தான் இப்போது நெற்றியில் கை வைத்துப் புதுத் தேசம் பார்க்கிறார்! எங்களுக்குச் சிரித்து மாளவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திறப்பு விழாவில் சிலைக்கு மாலை போடப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருப்பவர் போட்டோவுக்கு யாராவது விளையாட்டாக மாலை போட்டாலே எங்கள் வீட்டில் பதறிப்போவார்கள். அதுவும் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த வருஷம் அது. அவர் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மா. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

விழா அன்று திரை விலகியது. சிறப்பு விருந்தினர் ஆளுயர மாலையைத் தூக்கினார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சிலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"சார், போடாதீங்க சார்! உயிரோட கீற மன்சன் சார் இது!"

ஊர்த் தலைவர் ஓடி வந்தார். "இன்னாம்மா நீ, மாலை கடலோடிங்களுக்கு. உன் வூட்டுக்காரருக்கா போடறோம்?"

"மூஞ்சி யார்துண்ணா?"

தலைவர் சிலையை அண்ணாந்து பார்த்தார். அம்மாவே வழி சொன்னாள். "மொதல்ல அவருக்குப் போடுங்க, ஊரே பாக்க. அப்பால அவரு கையாலயே சிலைக்குப் போடட்டும்."

ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் விசிலடித்துக்கொண்டே அப்பாவை மேலே தள்ளிவிட்டார்கள். விருந்தினரும் சிரித்தபடி மாலையை அவர் கழுத்தில் போட்டார். அப்பா வேர்த்து விறுவிறுத்துக் கல் படகில் ஏறி, தன் முகத்துக்கே இன்னொரு மாலை போட்டார். பறைமேளம் பொளந்து கட்டியது. அம்மா அழுதுகொண்டே கை தட்டினாள், நானும்தான்.

அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் முதல் மாலை அப்பாவுக்கு. இந்த வருஷம் சரியான வெயில். சம்பங்கி மாலையோடு நெளிந்துகொண்டிருந்த அப்பா, "கழுத்தெல்லாம் அரிக்குதுமே, கழட்டிடட்டா?" என்று கெஞ்சினார்.

அம்மா மாலையை நேராக இழுத்துவிட்டாள்.

"சிலைக்கு அரிக்குதா பாரு. உனுக்கு அரிக்குதில்ல? அது போதும் எனுக்கு."