அண்ணனின் இருதயத்துக்குச் சாட்சி சொன்னவர்

"மனுதாரர் தாம் நலமாக இருப்பதாக வைத்தியக் குழுவிடம் தாமே தெரிவித்துள்ளார். அவர் இருதயத்தில் குறை இருந்தாலும் அது படைச் சேவைக்கு முன்பே இருந்திருக்கக்கூடும். மாறான சாட்சியம் ஆறு மாதங்களுக்குள் வராவிட்டால் மனு முடிக்கப்படும்."

1921-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதியிட்டு எங்கள் அண்ணன் அவர்களுக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தின் சாரம் இது. மொழிபெயர்ப்பு என்னுடையது. மூலக்கடிதம் அண்ணியாரின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதன் இடது மூலையில் உள்ள கோப்பிக் கறைக்கு நானே பொறுப்பு. "நலமாக இருப்பதாக" என்ற இடத்தைப் படித்தபோது கோப்பிக் குவளையைத் தட்டிவிட்டேன்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பொறுமையையும் பிறருக்கு உதவும் குணத்தையும் பற்றி இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் தேதிகளைக் குறித்து வைக்கிறவன். அவர் வாழ்வில் மிகவும் வேண்டி நின்ற ஒரு காகிதம் எப்படிக் கிடைத்தது என்பதை எழுதும் பொறுப்பை அண்ணியார் எனக்குக் கொடுத்தார்கள்.

அண்ணன் இந்த மலாய்த் தீவின் ஜார்ஜ் டவுனில், துறைமுகப் படகுக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில், 1888-ம் ஆண்டு பிறந்தார். மாசி மாதம் என்பது அம்மாவின் சொல். சர்க்கார் பதிவில் ஏப்ரல் 3 என்று இருக்கிறது. அப்பா பதியப் போவதற்குத் தாமதித்திருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணன் இந்த வழக்கைத் தீர்க்க விரும்பியதே இல்லை. மாசியிலும் பாயசம் வேண்டும், ஏப்ரலிலும் பாயசம் வேண்டும் என்பார்.

1903-ல் அப்பா காலமானபோது அண்ணனுக்கு வயது பதினைந்து. அந்த மாதமே தொங்கானில் ஏறினார். கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, அவற்றிலிருந்து கரைக்குச் சரக்கு கொண்டுவரும் அகலமான படகுதான் தொங்கான். ஒன்பது வயது இளையவனான என்னை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். நான் இன்று ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பது அவர் துடுப்பு வலித்த பலன்.

1914-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலையில் கோட்டைக்கு எதிரே கடலில் புத்தாண்டுப் போட்டிகள் நடந்தன. சரக்கு இறக்கிய தொங்கான்களுக்கும் ஒரு போட்டி உண்டு. எங்கள் துறைப் படகில் மற்றவர்களுக்கு வேகம் காட்டும் முதல் துடுப்பு அண்ணனுடையது. எதிர்ப்படகின் தலைவர் காதர் தண்டல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருந்தவர், துறைமுகத்தில் லைசென்சு பெற்ற படகுத் தலைவர், அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் அவரை, மூத்தவர் என்ற மரியாதையில், நானா என்று அழைப்போம்.

இரண்டு படகுகளும் எல்லை மிதவையை நெருங்கும் நேரத்தில், நடுவர்கள் உட்கார்ந்திருந்த நீராவி லாஞ்சு கக்கிய புகையைக் காற்று அப்படியே மிதவையின்மேல் தள்ளிவிட்டது. புகை விலகியபோது இரண்டு படகுகளும் மிதவையைத் தாண்டி நின்றன. நடுவர்கள் தங்கள் புகைக்குத் தாங்களே வெட்கப்பட்டு, பரிசு ஆட்டை இரு தரப்புக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். ஆடு பங்கிடப்பட்டது. வெற்றியைப் பங்கிட யாரும் சம்மதிக்கவில்லை. அன்று முதல் அண்ணனும் காதர் நானாவும் எங்கே சந்தித்தாலும் முதல் பேச்சு இதுதான்:

"என்ன தம்பி, புகை அடங்கிடுச்சா?"

"எங்க நானா, உங்க கண்ணுலதான் இன்னும் இருக்கு."

1916 டிசம்பரில் அண்ணன் மெசபொத்தேமியா யுத்தத்துக்கு, நதியில் சரக்குப் படகு ஓட்டும் பிரிவில் சேர்ந்தார். பஸ்ராவிலிருந்து டைக்ரிஸ் நதியில் மேலே உணவும் மருந்தும் கொண்டுபோகும் வேலை. 1918 ஜனவரியில் அவர் படகு மணல்திட்டில் ஏறிக்கொண்டது. நெஞ்சளவு குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நாள் நின்று அதைத் தள்ளினார்கள். அதன்பின் மூட்டெல்லாம் வீங்கி, ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகக் கிடந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் "காய்ச்சல், குணமானது" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அந்தக் காய்ச்சல் இருதய வால்வைத் தொட்டுவிட்டுப் போனது பின்னால்தான் தெரிந்தது.

1919 ஆகஸ்ட் 14-ந் தேதி கரையிறங்கினார். பார்ப்பதற்கு அதே அகன்ற மார்பு, அதே மீசை. ஆனால் வீட்டிலிருந்து கோப்பிக் கடை போவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். துடுப்பைத் தொட முடியவில்லை. அண்ணியார் அப்பம் சுட்டு விற்றுக் குடும்பத்தை நடத்தினார்கள். துறையில் சிலர், "பஸ்ரா போய் சோம்பேறியாயி வந்துட்டான்லா" என்று காதில் விழும்படியே பேசினார்கள். படை உதவித்தொகைக்கு மனுப் போடலாம் என்று நான் சொன்னபோது அண்ணன் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்: "காசு வந்தா உங்க அண்ணிக்கு உதவும். எனக்கு அந்தக் காகிதம் வேணும்டா. இது சோம்பல் இல்ல, அந்த ஆத்துல வந்ததுன்னு எழுதின காகிதம்."

வைத்தியக் குழு 1920 நவம்பர் 23-ல் கூடியது. துறைமுகத்தருகே ஒரு சர்க்கார் கட்டடத்தின் மாடி. இருபத்திரண்டு படிகள். அண்ணியார் காலையிலேயே எச்சரித்தார்கள்.

"டாக்டர் முன்னால மூச்சு வாங்குனா வாங்கட்டும். அடக்கிக்கிட்டு நிக்காதீங்க."

"வெள்ளைக்காரன் முன்னால இளைச்சுக்கிட்டா போய் நிக்கணும்? நான் என்ன பிச்சையா கேக்கறேன்?"

தலைக்கு எண்ணெய் வைத்து, மடிப்புக் கலையாத கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார். ஒவ்வொரு படியாக ஏறி, மேலே பெஞ்சியில் உட்கார்ந்து மூச்சைச் சரிசெய்துகொண்டார். கூப்பிட்டபோது அணிவகுப்பில் நடப்பவரைப் போல உள்ளே போனார். நான் வெளியே இருந்தேன். ஐந்து நிமிஷத்தில் சிரித்த முகத்தோடு வந்துவிட்டார்.

"என்னண்ணே கேட்டாங்க?"

"நல்ல மனுஷன்டா. எப்படி இருக்கேன்னு விசாரிச்சாரு."

"நீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கேன் சார், நீங்க நல்லா இருக்கீங்களான்னேன். மரியாதைக்கு ஒரு மனுஷன் கேக்கறான். மூஞ்சிக்கு நேரா நோய்னா சொல்றது?"

அந்த மரியாதையின் விளைவுதான் மேலே கண்ட பிப்ரவரி 9-ந் தேதிக் கடிதம். அதைப் படித்துச் சொன்னபோது அண்ணியார் அப்பக் கரண்டியோடு வந்து நின்றார்கள். "நல்லா இருக்காராம்ல? அப்ப நாளைக்கே தொங்கானுக்குப் போகச் சொல்லுங்க தம்பி" என்றார்கள்.

ஆறு மாதத்துக்குள் சாட்சி வேண்டும். படையில் சேர்வதற்கு முன் அவர் கடும் உழைப்பாளி, இருதயம் திடமானவர் என்று கண்ணால் கண்ட ஒருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். உறவினர் கூடாது. அவர் படகில் வேலை செய்தவர் கூடாது. முதலாளியின் கம்பெனி யுத்தத்தின் நடுவிலேயே மூடப்பட்டு, மானேஜர் தம் நாட்டுக்குப் போய்விட்டார். நான் மூன்று மாதம் விசாரித்ததில் கடைசியாக ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அண்ணனிடம் சொன்னேன்.

"காதர் நானாவா? அவர்கிட்டயா? அதுக்கு நான் இந்த மூச்சோடயே இருந்துக்கறேன்."

அவரை அழைத்துப் போனது நான் அல்ல, அண்ணியார். 1921 மே 17-ந் தேதி, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த சோற்றுக் கடையில், நாங்கள் மூவரும் போய் நின்றோம். காதர் நானா தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"அடடே! புகை இங்கயே வந்துருச்சே. உக்காரு தம்பி. தங்கச்சி, நீயும் உக்காரும்மா. சாப்பிட்டுட்டுத்தான் பேச்சு."

நான் விஷயத்தைச் சொல்லி, தயாராக எழுதிக்கொண்டு போயிருந்த சாட்சியத்தைப் படித்தேன். அதில் "புத்தாண்டுப் படகுப் போட்டியில் முதல் துடுப்பு வலித்து வெற்றி பெற்றவர்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நானா சோற்றுக் கையை உயர்த்தினார்.

"நிறுத்து சின்னத் தம்பி. வெற்றியா? யார் பாத்தா?"

"உங்களுக்குத் தெரியாதா நானா?" என்றார் அண்ணன்.

"ஆண்டவன் பேருல சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். கண்ணால பாக்காததைப் போட மாட்டேன். புகையில நான் என்னத்தைப் பாத்தேன்?"

அண்ணன் எழுந்துவிட்டார். அண்ணியார் அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு நானாவைப் பார்த்துக் கேட்டார்கள்: "அண்ணே, பாக்காததை விடுங்க. பாத்ததைச் சொல்லலாம்ல?"

காதர் நானா கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுது. புகை வர்றதுக்கு முன்னால நான் பாத்தேன். நான் சுக்கான் பிடிச்சு நின்னேன், எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. இவன் படகு எனக்கு அரைப் படகு முன்னால போச்சு. எங்க ஆளுங்களைத் தொண்டை கிழியக் கத்தி வலிக்கச் சொன்னேன். எட்டிப் பிடிக்க முடியல. அந்த முதல் துடுப்பு மாதிரி ஒரு துடுப்பை இருபது வருஷத்துல இந்தத் துறையில நான் பாக்கல. எழுதிட்டியா?"

எழுதினேன். அண்ணன் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஏழு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது.

சாட்சியத்தை ஏற்று, ஜூலை 5-ந் தேதி மறுபரிசோதனைக்கு அழைத்தார்கள். சாட்சியும் நேரில் வரவேண்டும். அதே மாடி. இந்த முறை அண்ணியாரின் உத்தரவுப்படி சரியான நேரத்துக்கே போனோம். மொழிபெயர்க்க ஆள் வராததால் என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் அண்ணனைப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்தார். "வெரி குட், சார்."

எனக்கு உயிர் போய்விட்டது. பின்னால் பெஞ்சியிலிருந்து காதர் நானா துள்ளி எழுந்தார்.

"பொய் சார், பொய்! கோப்பிக் கடைக்குப் போக மூணு தடவை உக்கார்றான் சார்! என்னை முந்தின ஆளு சார் இவன்! அன்னைக்கு இவன் இப்படி இருந்திருந்தா நான் தோத்திருப்பேனா?"

நான் மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தையும் விடவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அண்ணனை இருபத்திரண்டு படிகளும் இறங்கி ஏறச் சொன்னார். ஏறி வந்தவரின் மார்பில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. குழாயின் முனையை அண்ணனின் காதிலேயே வைத்து, கேளுங்கள் என்றார். அண்ணன் கேட்டுவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "தொங்கான் அடியில தண்ணி பூந்தா கேக்குமே, அந்தச் சத்தம்டா." அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

1921 செப்டம்பர் 28-ந் தேதி காகிதம் வந்தது. இருதய நோய் படைச் சேவையால் ஏற்பட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. உதவித்தொகை எவ்வளவு என்பதை இங்கே எழுத அண்ணியார் அனுமதிக்கவில்லை. அண்ணன் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போனார். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மூன்று இடத்திலும் அதைப் பிரித்துக் காட்டினார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் காட்டினார்.

அதன்பின் அண்ணன் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். 1923 முதல் ஒவ்வொரு புத்தாண்டிலும் தொங்கான் போட்டிக்குக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தவர் அவர்தான். பரபரப்பு கூடாது என்று டாக்டர் சொன்னதால், கொடியை இறக்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் காதர் நானா உட்கார்ந்து, யார் முன்னால் போகிறார் என்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். குரல் மெதுவாக இருந்ததாகத் தமக்கு ஞாபகம் இல்லை என்று அண்ணியார் இங்கே திருத்தச் சொல்கிறார்கள்.

1935 செப்டம்பரில் கால்கள் வீங்கத் தொடங்கின. கடைசி வாரத்தில் ஒரு மாலை, அந்த 1914-ம் ஆண்டுப் போட்டியில் உண்மையில் யார் முந்தினார்கள் என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் அதைக் கேட்டதே இல்லை. அவர் சிரித்தார். "துடுப்பு வலிக்கறவன் எல்லைக்கு முதுகு காட்டித்தானே உக்காருவான். நான் காதர் நானா மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு எப்படிடா தெரியும்?"

அக்டோபர் 11-ந் தேதி காலை ஏழே காலுக்கு அமைதியாக மறைந்தார். முந்திய நாள் பார்க்க வந்தவர்களிடமும் தாம் நலம் என்றே சொன்னார்.

இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த துறைப் படகுக்காரர்களுக்கும், வாரந்தோறும் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், பதினாறு நாளும் அடுப்பை அணையவிடாத அண்டை வீட்டுப் பெண்களுக்கும், பள்ளிவாசல் பக்கத்துச் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலருக்காக, போட்டிக்கு மறுநாள் வந்த பத்திரிகையைத் தேடினேன். தொங்கான் போட்டி நெருக்கமாக முடிந்தது என்பதோடு அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை காதர் நானாவைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது, கைத்தடி வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "உங்க அண்ணன்தான் ஜெயிச்சாருன்னு போட்டுரு சின்னத் தம்பி" என்றார்.

"நீங்க பாத்தீங்களா நானா?"

அவர் கடல் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புகைதான்லா, தம்பி."

ஆகவே 1914 ஜனவரி முதல் தேதி மிதவையை முதலில் தாண்டியது எந்தப் படகு என்பது இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதிப்படவில்லை. அன்று கரையில் நின்று பார்த்தவர் எவரேனும் இருந்தால், அண்ணியாருக்கும் காதர் நானாவுக்கும் சேர்த்தே தெரிவிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.