வழி தவறியவன் பின்னால் ஒரு வரிசை

லெனின்கிராடில் பத்தொன்பது வருடமாக டிராம் ஓட்டிய அக்லாயாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, மகள் ரிம்மா மகா கெட்டிக்காரி. இன்னொன்று, யாராவது கடை வாசலில் நின்றால் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். என்ன விற்கிறார்கள் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அந்த அக்டோபரில் ரிம்மாவுக்குச் சைபீரியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. புறப்பட இன்னும் ஒரே நாள்தான்; மறுநாள் ரயில். அவளிடம் இருந்ததோ மூக்குப் பிளந்த ஒரே ஜோடி பூட்ஸ். ஒரு மாதமாக ஊரெல்லாம் அலசியும் முப்பத்தேழாம் அளவில் குளிர்கால பூட்ஸ் அகப்படவில்லை.

"வரமுடியலேன்னு எழுதிப் போட்டுடறேம்மா. இங்கயே ஏதாவது பாத்துக்கறேன்."

"வாயை மூடுடி. பூட்ஸ் இல்லேன்னு உத்தியோகத்தை விட்டவ எவளாவது உண்டா?" என்று அதட்டினாள் அக்லாயா.

அன்று காலை வேலை முடிந்து திரும்பும்போது பார்த்தாள். செருப்புக் கடையில் 'சரக்குக் கணக்கெடுப்பு' என்று அட்டை தொங்கியது; கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் நெட்டையாக ஒருவன், கழுத்தில் கேமராவும் கையில் வரைபடமுமாக நின்றான். காலில் அசல் வெளிநாட்டு ஷூ. வெளிநாட்டுக்காரனே காத்திருக்கிறான் என்றால் உள்ளே லேசுப்பட்ட சரக்கா இருக்கும்?

"நீங்கதான் கடைசியா?"

அவன் ஒன்றும் புரியாமல் சிரித்துத் தலையாட்டினான். அவளுக்கு அது போதும். பின்னால் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு குண்டு அம்மாள் வந்தாள்.

"என்னம்மா குடுக்கறாங்க?"

"தெரியலே. ஆனா முன்னாடி நிக்கறவர் கால்ல போட்டிருக்கறதப் பாருங்க."

கால் மணி நேரத்தில் நாற்பது பேர். அந்தப் பேச்சு வரிசையின் வால் வரை போய்ச் சேர்ந்தபோது, 'செக் நாட்டு பூட்ஸ், உள்ளே ரோமம் வச்சது' என்று ஆகியிருந்தது. நெட்டையன் திரும்பிப் பார்த்துத் திகைத்தான். நழுவப் பார்த்தவனைக் குண்டு அம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க தம்பி போறே? எடம் போயிடும். நில்லு!"

வேறு வழி தெரியாமல் அவன் கேமராவைத் தூக்கி வரிசையையும் கடையையும் படம் பிடித்தான்.

கண்ணாடிக்கு உள்ளிருந்து அதைப் பார்த்த கடை மேலாளர் அம்மாளுக்கு முகம் வெளுத்தது. பூட்ஸ் நிஜமாகவே வந்திருந்தது. வேண்டியவர்களுக்காகப் பின்னறையில் பதுக்கி வைத்திருந்தாள். நாற்பது பேர், ஒரு வெளிநாட்டுக்காரன், ஒரு கேமரா. கதவு படாரென்று திறந்தது.

"கணக்கெடுப்பு முடிஞ்சுது, தோழர்களே! ஆளுக்கு ஒரு ஜோடிதான்!"

முதல் பெட்டியை நெட்டையன் கையில் திணித்தாள். "முப்பத்தேழு இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பெரிய அளவு."

ரிம்மாவின் அளவு. அக்லாயாவுக்குப் பிடுங்கிக்கொள்ளக் கை துடித்தது. ஆனால் முன்னால் நின்றவன் அவன். வரிசை என்றால் வரிசைதான். பெட்டியைக் காட்டினாள், மகளின் உயரத்தைக் காட்டினாள், உடம்பைக் குறுக்கி நடுங்கிக் காட்டினாள். "என் பொண்ணு... நாளைக்கு... சைபீரியா!"

அந்த ஒரு சொல் மட்டும் அவனுக்குப் புரிந்தது. அவன் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தண்டனை. யாரோ ஒரு பாவப்பட்ட பெண்ணைப் பிடித்து அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கண் கலங்கப் பெட்டியை அவளிடம் கொடுத்தான். அவள் கையைப் பற்றிக் குலுக்கினான். அப்புறம் விடுவிடுவென்று போய்விட்டான். ஊருக்குப் போய் என்ன கதை சொன்னானோ.

"பூட்ஸை விட்டுக்குடுத்ததுக்கா இப்படி அழறான்?" என்றாள் குண்டு அம்மாள்.

"தங்கமான மனுஷன்," என்றாள் அக்லாயா.

வீட்டில் ரிம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கழற்றவே மனமில்லை. அதோடேயே போய்ப் பயணப் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அக்லாயாவுக்கு உறைத்தது. ஒரு மாதமாக பூட்ஸைத் தேடினாளே, மகள் போய்விடுவாள் என்பதை ஒரு கணம்கூட நினைக்கவில்லை. முந்தானையில்லாத ஊர்; கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அழறே? வேணும்னா நான் போகல."

"போடி இவளே. நல்லா அழுத்தி நடந்து பாரு, கடிக்குதான்னு."

"கடிக்கல."

"அப்ப போயிட்டு வா," என்றாள் அக்லாயா.