புரோமின் புட்டியைத் திறக்கச் சொன்னேன்

பெரம்பலூரில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது நான் ஒருவரைப் பழிவாங்கினேன். எங்கள் ஆய்வகத்தில் புகையை வெளியேற்றும் விசிறி ஓடாது. புரோமின் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்து, ஆண்டிமடத்திலிருந்து வந்த என் தோழி கலா இருமி இருமிப் படிப்பையே விட்டுப் போனாள். விசிறியைப் பற்றிக் கேட்டதற்குப் பேராசிரியர், "பயந்தாங்கொள்ளிங்களுக்கு எதுக்கும்மா கெமிஸ்ட்ரி?" என்று சிரித்தார்.

பல்கலைக்கழகக் குழு பார்வையிட வந்த அன்று, அவர்கள் எதிரிலேயே கேட்டேன்.

"சார், புரோமின் சோதனை எனக்குச் சரியா வர மாட்டேங்குது. நீங்களே ஒருக்கா செஞ்சு காட்டுங்க சார்."

அவரால் மறுக்க முடியவில்லை. புட்டியைத் திறந்தார். செம்பழுப்பு ஆவி எழுந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினார். குழுவினர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். என் கண்ணும் எரிந்தது. இருந்தாலும் ஜன்னலைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சேதானே கேட்ட?" என்றார் பிறகு.

"ஆமா சார். கலாவும் இப்படித்தான் இருமுனா."

அந்த வாரமே புதிய விசிறி வந்தது. கலா திரும்பி வரவில்லை. செய்முறைத் தேர்வில் எனக்கு மதிப்பெண் குறைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்ததை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்தேனே, அதை நினைத்தால் இப்போதும் என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது.