இறுக்கிப் பின்னிய காலைகள்

என் மகளின் முடி இடுப்புக்குக் கீழே இறங்கியபோது அவளுக்கு எட்டு வயது. குழந்தையாக இருந்தபோது ஒருமுறை மொட்டை அடித்ததோடு சரி; பிறகு நுனி மட்டும்தான் வெட்டியிருக்கிறேன். இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அந்த முடிக்கென்று ஒரு கிழமை ஒழுங்கு இருந்தது. சனிக்கிழமை காலையில் எண்ணெய். குளிர் காலத்தில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும்; சுடுதண்ணீர்க் கோப்பையில் நிறுத்தி உருக்க வேண்டும். பதினொரு மணிக்கு முழுக்கு. பிறகு பால்கனியில் முடியைக் கதிரையின் முதுகுக்கு வெளியே தொங்கவிட்டபடி அவள் உட்காருவாள். கீழே சந்தைக்குப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்து முடிக்க முக்கால் மணி நேரமாகும்.

பள்ளிக்கூட நாட்களில் அவ்வளவு பொறுமை இருக்காது. அவளை எட்டு மணிக்குப் பள்ளியில் விட்டுவிட்டு, எட்டரைக்கு நான் பொலிதேயாமாப் பக்கத்தில் வேலை செய்யும் வீட்டில் நிற்க வேண்டும். ஆறே முக்காலுக்கு அவளை என் முழங்கால்களுக்கு நடுவில் இருத்தி, நேர் உச்சி பிரித்து இரட்டைப் பின்னல் போடுவேன். தொங்கவிட்டால் பிள்ளைகள் இழுப்பார்கள், பேன் ஏறும் என்று பயம். அதனால் இரண்டு பின்னல்களையும் தலையைச் சுற்றிக் கிரீடம் போல ஏற்றி ஊசி குத்துவேன். பதினாலு ஊசிகள். மாலையில் கழற்றும் வரைக்கும் ஒரு மயிர் அசையாது.

மன்னாரில் நான் படித்த கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பின்னலை மடித்து வெள்ளை ரிபன் கட்டாமல் உள்ளே போக முடியாது. வாசலில் மாணவத் தலைவிகள் நிற்பார்கள். நெற்றியில் முடி பறந்தால் வரிசைக்கு வெளியே. என் அக்காவே இரண்டு வருடங்கள் அந்த வாசலில் நின்றவள். ஒருநாள் என்னையும் வெளியே நிறுத்தினாள். பலெர்மோவில் பள்ளி வாசலில் யாரும் தலையைப் பார்ப்பதில்லை. மகளின் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில்தான் வருகிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அக்கா நின்ற வாசலுக்கு அனுப்புவது போலவே பின்னினேன்.

“அம்மா, கண் இழுபடுது.”

“கொஞ்சம் பொறு, முடிஞ்சுது.”

“நேற்றும் முடிஞ்சுது எண்டுதான் சொன்னீங்கள்.”

தை மாதத்தில் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. பத்து மணிக்குப் பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்கிறாள் என்று மாயெஸ்திரா, அவளுடைய வகுப்பாசிரியை, எனக்கு எழுதியிருந்தார். அந்த இரண்டு வரிகளைப் பத்துத் தடவை வாசித்தேன். கண்ணாக இருக்குமோ? இரத்தம் குறைவோ? அதற்கு மேலும் ஏதாவதோ? உணவகச் சமையலறையில் வேலை முடித்து வந்த கணவர் நான் போனில் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“அதைக் கீழை வை. அதுக்குள்ளை பார்த்தால் மூக்கொழுகுற தடிமனுக்கும் சாவு எண்டுதான் போட்டிருக்கும்.”

வைக்கவில்லை. கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன், பார்வையில் குறையில்லை. இரத்தம் சோதித்தோம், அதிலும் ஒன்றுமில்லை. காலைச் சாப்பாட்டை மாற்றினேன், தண்ணீர்ப் போத்தலைப் பெரிதாக்கினேன், அவள் படம் பார்க்கும் டேப்லெட்டை அலுமாரிக்கு மேலே வைத்தேன். பின்னலை மட்டும் நான் மாற்றவில்லை.

கடைசியில் பிள்ளை மருத்துவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முடியை அவிழ்க்க முடியுமா என்று கேட்டார்.

“திரும்பக் கட்ட நேரமெடுக்கும்,” என்று இத்தாலியனில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய தட்டில் போட்டேன். பின்னல் இரண்டும் விழுந்தபோது மகள் கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பாரத்தை இறக்கி வைத்த பெரிய மனுசி விடுகிற மூச்சு. மருத்துவர் அவளுடைய இடது காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினார். ஒரு நாணயம் அளவுக்குத் தோல் தெரிந்தது. ஓரத்தில் குட்டையான, முறிந்த முடிகள்.

அந்தக் குட்டை முடிகளை நான் முன்பே பார்த்திருந்தேன். புதிதாக முளைக்கிறது என்று நினைத்து, எண்ணெய் தொட்டு அழுத்தி, அதன்மேலேயே பின்னலைச் சுற்றிக் குத்தியிருந்தேன்.

இழுப்பினால் வந்தது என்றார் மருத்துவர். தலைவலியும் அதனால்தானாம். இப்போதே நிறுத்தினால் அநேகமாக முளைக்கும். இப்படியே வருடக்கணக்கில் போனால் அந்த இடத்தில் வேர் செத்துவிடும்.

“முடியை வெட்ட வேண்டுமா?”

“தேவையில்லை. இழுக்காமல் இருந்தால் போதும்.”

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அவள் விரித்த முடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அழுகிறேனா என்று இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் சொன்னனான்தானே அம்மா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

“ஓம், சொன்னனீ.”

அடுத்த நாள் காலை வேலை வீட்டு அம்மா, சிஞ்ஞோராவின் தலையை வாரினேன். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். கை தூக்க முடியாது. தோளுக்குக் கீழே இறங்கும் வெள்ளை முடியை ஒற்றைப் பின்னலாக்கிக் கழுத்துக்கு மேலே சுருட்டி வைப்பது என் வேலைகளில் ஒன்று. நான்கு வருடங்களாகச் செய்கிறேன். வேர்ப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சீப்பை இறக்குவேன். நோகிறதா என்று இடையிடையே கேட்பேன். அன்றும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சீப்போடு அப்படியே நின்றேன். இதே கைகள்தான். என் பிள்ளையிடம் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கிறேனா?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முறை மாறியது. உச்சியை மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினேன். பின்னலைக் கழுத்துக்குக் கிட்டத் தொடங்கி, தளர்வாகப் பின்னி, தாழ்வாகச் சுருட்டி ஐந்து ஊசிகள் மட்டும் குத்தினேன். பின்னலின் அடியில் அவளுடைய சின்ன விரல் போய்வர வேண்டும். அதை அவளே சோதித்துப் பார்ப்பாள். போகவில்லை என்றால் மறுபடியும் அவிழ்க்க வேண்டும். அவள் கண்டிப்பான நீதிபதி.

“இஞ்சை போகுது. இஞ்சை போகேல்லை. திரும்பக் கட்டுங்கோ.”

முதல் கிழமை முழுவதும் மத்தியானத்துக்கு முன்பே கொண்டை அவிழ்ந்து, ஊசிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். தினமும் மாலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பேன் தேடினேன். ஒன்றும் இருக்கவில்லை. பத்து நாட்களில் தலைவலி நின்றது. ஆனால் காதுக்கு மேலே அந்த இடம் அப்படியே இருந்தது. சனிக்கிழமைகளில் அதைப் படம் எடுத்து, போன கிழமைப் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். பெரிதாகிவிட்டது போலவும் இருக்கும், சிறிதாகிவிட்டது போலவும் இருக்கும். உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகுதான் பூனைமயிர் போல ஏதோ தெரிந்தது. தடவினால்தான் தெரியும்.

மே மாதத்தில் அவளுக்கு முதல் நன்மை, கோவிலில் நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாள். பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான வெள்ளைப் பூ வளையம். அது என் தளர்ந்த பின்னலில் நிற்பதாக இல்லை; வைத்த உடனே வழுக்கியது. காலையில் அக்கா மன்னாரிலிருந்து வீடியோவில் வந்தாள்.

“ஏனடி, பிள்ளை நித்திரையாலை எழும்பின மாதிரி நிக்குது?”

“இப்பிடித்தான் கட்டினனான், அக்கா.”

“பூசை முடியும் மட்டும் உந்த வளையம் நிக்காது. உச்சியிலை இருந்து இறுக்கிப் பின்னு. ஒரு நாள்தானே.”

“பெரியம்மா, நீங்கள் இப்ப பள்ளிக்கூட வாசலிலை நிக்கேல்லை,” என்றாள் மகள்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். “கொம்மா எல்லாத்தையும் சொல்லி வைச்சிருக்கிறாள்.”

அக்கா வீடியோவை நிறுத்திய பிறகும் அந்த ‘ஒரு நாள்தானே’ என்னோடு இருந்தது. ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? படங்கள் எல்லா வீட்டுக்கும் போகும். வளையம் சரிந்தால், ஒரு பிள்ளையின் தலையைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாதவள் என்பார்கள். பின்னலை அவிழ்த்து, சீப்பை எடுத்து உச்சியில் வைத்தேன். மகள் கண்ணை இறுக மூடி, இரண்டு தோள்களையும் காது வரைக்கும் தூக்கிக்கொண்டாள்.

சீப்பை எடுத்துவிட்டேன். “விரலை வைச்சுப் பார்,” என்று சொல்லி, முந்திய மாதிரியே தளர்வாகப் பின்னத் தொடங்கினேன். தோள்கள் மெதுவாக இறங்கின.

கோவிலில் முதல் வாசகம் முடிவதற்குள் வளையம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னல் சுருள் அவிழ்ந்து வெள்ளை அங்கியின் மேல் இடுப்பு வரைக்கும் விழுந்தது. பக்கத்தில் இருந்த கணவர் என் முழங்கையைத் தொட்டார்.

“போய்ச் சரிப்படுத்திவிடன்.”

“இருக்கட்டும்.”

சொல்லிவிட்டேனே தவிர, கைகள் சும்மா இருக்கவில்லை. ஒன்றால் மற்றதைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய முறை வந்தபோது, நன்மை வாங்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் அவள் வளையத்தைக் கழற்றி முழங்கை வரைக்கும் மாட்டிக்கொண்டு நடந்தாள். மேல் ஜன்னல் வெளிச்சம் அவளுடைய இடப்பக்கத்தில் விழுந்தது. காதுக்கு மேலே அந்தப் பூனைமயிர் எழும்பி நின்றது, பின் வரிசையில் இருந்த எனக்கே தெரியும் அளவுக்கு. எல்லோருக்கும் தெரிகிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, இவ்வளவு தூரத்துக்குத் தெரியும் அளவுக்கு முளைத்துவிட்டதே என்று நினைத்தேன்.