டில்லிபாபு வார்த்த நண்டு

முப்பது வயது தாண்டியும் டில்லிபாபுவுக்குச் சட்டைப் பொத்தான் சரியாகப் போட வராது. மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். ஆனால் கிழிந்த வலை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். கரையோரக் கொட்டகையில் உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் ஓட்டை இருந்த இடம் தெரியாமல் பின்னி வைத்துவிடுவான். வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கட்டுகிற வேலையும் அவனுடையதுதான். குண்டைக் கயிற்றில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குவான். நெட்டுக்குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

நான் எண்ணூரில் ஒரு சுகாதார மையத்தில் வேலை பார்த்தேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். குப்பம் குப்பமாகப் போய்ப் பிள்ளைகளை எடை போடுவதும், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப்போட்டுப் புண் வராமல் பார்ப்பதும் என் வேலை. டில்லிபாபுவின் அம்மா பூவம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை.

"பெரியவன் நடக்கவே மூணு வயசாச்சு மேரிம்மா. பேச்சு அதுக்கப்புறம். பள்ளிக்கூடத்துல டீச்சரு, இவன் மண்டையில ஒண்ணும் ஏறலன்னு வூட்டுக்கே அனுப்பிட்டாங்க. அவங்கப்பா வலையக் கையில குட்தாரு. அத்தோட சரியாப்பூட்டான்" என்பாள்.

அவள் புருஷன் அதற்கு முன்பே கடலில் மூழ்கி இறந்துவிட்டார். அவர் விட்டுப் போனதில் அந்த வீட்டில் மதிப்பாக வைத்திருந்தது ஒரு பால்பவுடர் டப்பாவைத்தான். அதற்குள் மூன்று ஈயப் பொம்மைகள். அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் வலைக்குக் கட்டுகிற ஈயத்தை உருக்கி ஒரு பொம்மை வார்ப்பார்கள். முதல் பல் முளைக்கிற அன்று அதை அரிசி கழுவிய தண்ணீரில் கழுவி, பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். ஈயம் குளிர்ச்சி, ஈறுக்கு இதம், கனமாக இருப்பதால் பிள்ளை தூக்கி எறியாது என்பது கணக்கு. டில்லிபாபுவின் தாத்தா தன் மகனுக்கு ஒரு ஆமை வார்த்தார். அந்த மகன் டில்லிபாபுவுக்கு ஒரு படகும், இளையவன் ஜெயவேலுக்கு ஒரு மீனும் வார்த்தார். மூன்றிலும் பல் பட்ட தடம் இருந்தது. ஆமையின் ஓடு பாதி வழவழவென்று தேய்ந்திருந்தது.

பூவம்மா செத்த பிறகு டப்பா டில்லிபாபுவிடம் வந்தது. அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவான். யாராவது கேலி செய்தால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வான்.

"இன்னாடா டில்லி, டப்பாவுக்குள்ள பொண்டாட்டிய வெச்சிக்கினுக்கிறியா?"

"ஆமைடா. உன்னிய கடிக்கும்."

ஜெயவேல் கடலை விட்டுவிட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகப் போனான். காசிமேட்டிலிருந்து கார்குழலியைக் கட்டிக்கொண்டு வந்தான். கெட்டிக்காரப் பெண். மச்சாண்டாருக்குப் பொத்தான் போட்டுவிடுவதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது, சலிப்பும் கிடையாது. இரண்டாயிரத்து இரண்டில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வரலட்சுமி என்று பெயர் வைத்து, வரு என்று கூப்பிட்டார்கள்.

பொம்மை வார்க்க வேண்டியது யார் என்கிற பேச்சே எழவில்லை. ஜெயவேலுக்கு அந்தக் கைவாகு கிடையாது. டில்லிபாபு கழிமுகத்து நண்டு ஒன்றைப் பிடித்துக் களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்து, வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் ஈயத்தை உருக்கி ஊற்றினான். முதலில் வந்தது உடைந்துபோயிற்று. அடுத்ததில் ஒரு பக்கத்தில் இரண்டு கால்கள் மொட்டையாக வந்தன. நான் எடை போடப் போன அன்று அதை என் கண்ணுக்கு நேராக நீட்டினான்.

"ரெண்டு காலு வரல மேரிம்மா. வந்தா ஓடிப்பூடும்ல, அதான் உட்டுட்டேன்."

அந்த வீட்டில் அவன் சொல்லி எல்லோரும் சிரித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் வழக்கம்.

வருவுக்குப் பல் முளைத்தது. நண்டு அவள் கைக்குப் போயிற்று. அவள் அழுதால் டில்லிபாபு டப்பாவையே கவிழ்த்து நான்கையும் முன்னால் வைப்பான். ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சப்புவாள். ஜெயவேல் வேலைக்கும், கார்குழலி மீன் வாங்கவும் போய்விட்டால் பிள்ளை பெரியப்பன் மடியில்தான். நன்றாகவே பார்த்துக்கொண்டான். காசு கொடுத்து வைக்கிற ஆள் அவ்வளவு பார்க்க மாட்டாள்.

ஒன்றரை வயதில் பிள்ளை வெளுத்தாள். சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுவாள், நாள் கணக்கில் வெளிக்கு வராது. அம்மா, காக்கா, பெரியப்பனுக்குப் பெப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒவ்வொரு சொல்லாக விட்டாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்று என்றார்கள். கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். மந்திரிக்கிற தாவூது பாயிடம் ஓதி வாங்கிக் கயிறு கட்டினார்கள். எங்கள் மையத்தில் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தோம். எடை ஏறவில்லை. கடைசியில் நானே கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த இளவயது டாக்டரம்மா நிதானமாகக் கேட்டாள். வீட்டில் பெயிண்ட் உரிகிறதா, பக்கத்தில் யாராவது பழைய பேட்டரி உடைக்கிறார்களா, பிள்ளை வாயில் என்ன வைக்கிறாள். அதற்குள் பிள்ளை அழ ஆரம்பித்தாள். கார்குழலி பழக்கத்தில் பையிலிருந்து நண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். டாக்டரம்மா அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். சாவியால் கீறினாள். கீறிய இடம் பளபளவென்று இருந்தது. நண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, அதுவும் நிறைய என்று சோதனையில் வந்தது. ரத்தத்தில் கலந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், மருந்து கொடுக்கலாம், ஆனால் வீட்டில் அந்தப் பொருள் இருக்கிற வரைக்கும் மருந்தால் பயன் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து நான்தான் விஷயத்தைச் சொன்னேன். ஜெயவேல் ஒத்துக்கொள்ளவில்லை.

"நானுந்தான் மீன கட்சிக்கினே வளந்தேன். எனுக்கு இன்னா ஆச்சு? எங்கப்பா ஆமைய கட்சாரு, அவுரு இன்னா லூசாவா திரிஞ்சாரு?"

"எல்லா ஒடம்பும் ஒண்ணு கிடையாதுப்பா. ஒரு பிள்ளைக்குத் தாங்கும், ஒரு பிள்ளைக்குத் தாங்காது" என்றேன்.

அவன் மெதுவாகத் திரும்பி, மூலையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் நடக்க மூன்று வயதானதும், பேச்சு பிந்தி வந்ததும், படிப்பு ஏறாததும் எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஓடியது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் அவன் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"ண்ணா, டப்பாவ குடு."

"இன்னாத்துக்கு?"

"குடுன்றேன்ல."

"எங்கப்பா செஞ்சது. நண்டு நான் செஞ்சது. நண்ட எங்க மேரிம்மா? ஆஸ்பத்திரில உட்டுட்டு வன்ட்டீங்களா?"

கார்குழலி கெஞ்சிப் பார்த்தாள். "மாமா, அத்தெல்லாம் புள்ளைக்கு ஆவாதாம். தங்கத்துக்கு வவுறு வலிக்குதுல்ல? குட்துடு மாமா, நான் உனுக்கு வேற வாங்கியாறேன்."

"அவுளுக்கு அது இருந்தாத்தான் தூக்கம் வரும். உனுக்குத் தெரியாது. நான்தான வெச்சிக்கினுக்கிறேன்."

ஜெயவேல் டப்பாவைப் பிடித்து இழுத்தான். டில்லிபாபு விடவில்லை. நல்ல பலசாலி. இருவரும் தரையில் புரண்டார்கள். பிள்ளை வீறிட்டாள். ஜெயவேல் மூச்சு வாங்க எழுந்து நின்று கத்தினான்.

"டேய், அவளும் உன்ன மாறியே ஆய்டுவாடா!"

டில்லிபாபுவின் கை தளர்ந்தது. சொன்னது முழுக்க விளங்கவில்லை என்று நாம் நினைப்போம். விளங்கியது. டப்பாவைத் தரையில் வைத்தான். வைத்துவிட்டு, அதைத் தொட்ட கை இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் வெளியே போய்விட்டான்.

டப்பாவை நான் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தேன். கடலில் எறியவோ உருக்கவோ வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். வீட்டைத் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னேன், பாயை மாற்றச் சொன்னேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். வயிற்றுவலி முதலில் நின்றது. பிறகு சோறு இறங்கியது. சில மாதத்தில் ஓடவும் ஆரம்பித்தாள். பேச்சு மட்டும் வயதுக்குத் தக்க வரவில்லை. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. நானும் கார்குழலிக்கு வாக்கு கொடுக்கவில்லை.

டில்லிபாபு அன்றைக்குப் போனவன் வலைக்கொட்டகையிலேயே தங்கிவிட்டான். சாப்பிட வீட்டுக்கு வருவான், வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டான். சோற்றுத்தட்டை வெளியிலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். சட்டைப் பொத்தானைத் திறந்தபடியே விட்டுவிட்டான். தம்பி போய் மன்னிப்புக் கேட்டான். "கோவத்துல வந்துட்ச்சு, உள்ள வாண்ணா" என்று அழுதான். அண்ணன் கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் ஆகியிருப்பான். அவனுக்குக் கோபமே இல்லை.

நான் ஒருநாள் சோப்புக்கட்டியும் தண்ணீரும் எடுத்துப் போனேன். ஈய வேலை செய்கிறவன் கையை எப்படிக் கழுவ வேண்டும், வேறு சட்டை போட வேண்டும், குண்டைப் பல்லால் கடிக்கக் கூடாது, இனி குறடு வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினான். கையை என்னிடம் நீட்டினான்.

"பூட்ச்சா மேரிம்மா?"

"போயிடுச்சு. இனிமே புள்ளையத் தூக்கலாம்."

"உள்ள கீறது?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "உள்ள இருக்கறது யாருக்கும் ஒட்டாது" என்றேன். அது உண்மை. அவன் தலையாட்டிவிட்டு வலையை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் எடை போடப் போனபோது வரு தானாகவே கொட்டகைக்கு ஓடினாள். "பெப்பா" என்று கூப்பிட்டாள். விட்ட சொற்களில் திரும்பி வந்த முதல் சொல் அது. டில்லிபாபு எழுந்து, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விரித்துப் போட்ட வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். அவள் சுற்றிக்கொண்டு போனாள். அவன் இந்தப் பக்கம் வந்தான். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து, சிரித்துச் சிரித்துச் சுற்றினாள். கார்குழலி வந்து தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் அவன் வலையைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருந்தான்.