முதலாளியின் தீக்குச்சி

ஓசூர் டூரிங் கொட்டகையில் நான் படம் ஓட்டிய காலத்தில், மெஷின் ரூம் ஒட்டுப்பலகையால் ஆனது. மெல்லிய மரத்தகடுகளைப் பசை போட்டு ஒட்டிய பலகை. அந்த நாளைய பிலிமோ பீடி நெருப்பு பட்டாலே குபீரென்று பற்றும். அதற்குள் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சியில் பொறி பறக்கப் படம் ஓட்டுவது என் பிழைப்பு. செங்கல்லில் கட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்துச் சுவரில் வைப்பார். பலகை கொஞ்சம் கருகும், குச்சி அணையும். "பாத்தியா? பெங்களூர் சரக்குடா. நெருப்பே இதைக் கண்டா பயப்படும்" என்பார். யார் வந்தாலும் இந்த வித்தை உண்டு. படப்பெட்டி கொண்டுவந்தவருக்கு, போஸ்டர் ஒட்டுகிறவருக்கு, ஒரு முறை அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட. கருகிய இடத்தில் சுண்ணாம்பு அடிப்பது மட்டும் என் வேலை. தீப்பிடிக்காது என்று காட்டுவதற்காகவே ஓயாமல் தீ வைக்கப்பட்ட சுவர் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு புண்ணியமும் செய்தார். நான் உள்ளே போனதும் கதவை வெளியே தாழ்போட்டுவிடுவார். திறந்திருந்தால் டீக்கடைக்குப் போய்விடுவேனாம். சிநேகிதர்களை ஓசியில் ஏற்றிவிடுவேனாம்.

ஐப்பசி மழையில் பசை விட்டுப்போனது. தகடு தகடாகப் பிரிந்து சுவர் அப்பளம் மாதிரி உப்பியது. இனி நெருப்புக்கு ஒரு தகடு போதும் என்று முதலாளியிடம் சொன்னேன். காய்ந்தால் சரியாகிவிடும் என்றார். மேலே இன்னொரு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன்.

தை பிறந்ததும் லைசென்ஸுக்காக அதிகாரி வந்தார். நான் உள்ளே ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் கதவு வெளியே தாழ்போட்டிருந்தது. முதலாளி கன்னடமும் தெலுங்கும் கலந்து பலகையின் பெருமையைப் பாடுவது கேட்டது. அடுத்து, குச்சி கிழிக்கும் சத்தம். ரீலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

உரிந்து நின்ற தகட்டில் தீ சரசரவென்று மேலே ஏறியது. கத்திக்கொண்டே கதவை உதைத்தேன். தாழைத் திறந்தவர் முதலாளிதான். என் கையிலிருந்த ரீலை வாங்கிக்கொண்டார், பிறகுதான் எனக்கு வழிவிட்டார். மணல் வாளியில் பாதி வெற்றிலை எச்சில். ஈரச் சாக்கால் அடித்து ஒருவழியாக அணைத்தோம். சுவரை மாற்றினால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

மறு வாரம் சுவர் மாறியது. புது ஒட்டுப்பலகை! முதலாளி என்னைக் கூப்பிட்டு, முன்னைவிடத் தடிமன் என்று தட்டிக் காட்டிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். எனக்கு வந்ததே கோபம்.

"உள்ளார போய் நின்னு பத்த வையுங்க மொதலாளி. நான் வெளிய தாழ் போட்டுக்கறேன்."

அவர் கதவைப் பார்த்தார், தாழைப் பார்த்தார். குச்சியைப் பெட்டிக்குள் திரும்பச் செருகிக்கொண்டார். அடுத்த சந்தை நாளுக்குள் செங்கல் வண்டி வந்து நின்றது.